இளங்கலை மலாயில், முதுகலை ஆங்கிலத்தில்: பொருளாதாரத்துக்கு 12 வாரத்தில் எப்படித் தயாராவது?

லயத்துவீடு (கேள்வி):

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், தோட்ட ஆபீசில் கிராணி வேலை. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி. பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரத்தை மலாயில்தான் படித்தேன். சிஜிபிஏ 3.21, முடித்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது கோலாலம்பூரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கோர்ஸ்வர்க் முறை (வகுப்பும் பரீட்சையும்), முழுக்க ஆங்கிலம், கடைசியில் சின்னதாக ஓர் ஆய்வேடு. வகுப்பு தொடங்க இன்னும் 12 வாரம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும்.

இந்த 12 வாரத்தையும் ஆங்கிலத்துக்கே கொடுத்துவிடலாமா? நாளிதழ் வாசித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடவில்லை. வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிப்பது நடக்கிற காரியமா? ஆய்வேட்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுக்க நினைக்கிறேன், அது சரிவருமா? விவரம் தெரிந்த அண்ணன் அக்காமார் சொல்லுங்கள்.

கித்தாமரம்:

தம்பி, 12 வாரத்தையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் முதல் செமஸ்டர் மிட்டெர்மிலேயே திணறிப்போவீர்கள். இந்தப் படிப்பில் ஆளைச் சாய்ப்பது கணக்கு. இளங்கலையில் கோடு வரைந்து அம்புக்குறி போட்டு விளக்கியதை எல்லாம் இங்கே டெரிவேட்டிவ் (வகையீடு) எடுத்து நிறுவச் சொல்வார்கள். பலகையில் பாதி நேரம் குறியீடுதான் ஓடும். அதைப் பின்தொடரத் தெரிந்தவனுக்கு விரிவுரையாளரின் ஆங்கிலம் பத்துக்கு ஆறு வார்த்தை புரிந்தால் போதும். தெரியாதவனுக்குப் பத்தும் புரிந்தாலும் பயனில்லை.

எட்டு வாரம் கணக்கு, நாலு வாரம் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் டெரிவேட்டிவ்: பெருக்கல் விதி, சங்கிலி விதி, லாக், எக்ஸ்பொனென்ஷியல், பார்ஷியல். எஸ்டிபிஎம்மில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பரீட்சை) கணிதம் எடுத்தவர் என்றால் ஒரு வாரத்தில் தூசி தட்டிவிடலாம். அடுத்த இரண்டு வாரம் லக்ராஞ்ச் முறை, அதாவது பட்ஜெட் போன்ற ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்சத்தைக் கண்டுபிடிப்பது. இதில் அவசரப்படாதீர்கள், முதல் செமஸ்டர் மைக்ரோவில் பாதி இதுதான். பிறகு இரண்டு வாரம் மேட்ரிக்ஸ், ஒரு வாரம் நிகழ்தகவு.

எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்க ஒரு கணக்கு. கையில் 100 வெள்ளி (ரிங்கிட்). எக்ஸ் ஒன்று 2 வெள்ளி, வை ஒன்று 5 வெள்ளி. யூட்டிலிட்டி (வாங்குபவருக்குக் கிடைக்கும் திருப்தி) என்பது எக்ஸின் 0.4 அடுக்கையும் வையின் 0.6 அடுக்கையும் பெருக்கி வருவது. எவ்வளவு எவ்வளவு வாங்குவார்? லக்ராஞ்சியன் எழுதி, எக்ஸுக்கு ஒன்று வைக்கு ஒன்று என இரண்டு டெரிவேட்டிவை பூஜ்யத்துக்குச் சமமாக்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பட்ஜெட்டோடு ஒட்டிய பெருக்கியான லாம்ப்டா கழன்றுவிடும். வை, எக்ஸில் 0.6 பங்கு என்று வரும். பட்ஜெட்டில் போட்டால் எக்ஸ் 20, வை 12. பத்து நிமிஷத்துக்குள் முடித்தால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அரை மணி பிடித்தால் அந்த இரண்டு வாரத்தை மூன்றாக்குங்கள்.

விடை வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். லாம்ப்டா எவ்வளவு, அது என்ன சொல்கிறது என்பதற்குத்தான் பரீட்சையில் மார்க். வருமானம் இன்னும் ஒரு வெள்ளி கூடினால் யூட்டிலிட்டி எவ்வளவு கூடும் என்பதே அது. அப்புறம் யூட்டிலிட்டியை எக்ஸ் கூட்டல் வை என்று மாற்றி, அதே விலை, அதே 100 வெள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

மேக்ரோவிலும் இளங்கலையில் வரைந்த ஐஎஸ்-எல்எம் கோட்டை மறந்துவிட்டு, நீண்டகால வளர்ச்சியை விளக்கும் சோலோ மாடலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி, மூலதனத்தின் 0.5 அடுக்கு. சேமிப்பு 0.2. தேய்மானமும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்து 0.1. நிலைத்த நிலையில் மூலதனம் 4, உற்பத்தி 2, நுகர்வு 1.6 வர வேண்டும். சேமிப்பை 0.5 ஆக்குங்கள், நுகர்வு 2.5. இன்னும் ஏற்றி 0.6 ஆக்கினால் 2.4 ஆகக் குறைந்துவிடும். ஏன் குறைகிறது என்று மூன்று வரியில் எழுதத் தெரிந்தால் அந்த அத்தியாயம் உங்களுடையது. இதற்குமேல் வருவது காலத்தின்மேல் ஓடும் ஆப்டிமைசேஷன்: பெல்மேன், ஆய்லர் சமன்பாடுகள். அதை வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம், இப்போது தொட வேண்டாம்.

எக்கனாமெட்ரிக்ஸுக்கு (பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அளக்கும் பாடம்) இளங்கலையில் குஜராத்தி வைத்திருப்பீர்கள் (ஆசிரியர் பெயர்தான் அது, மொழி இல்லை). அதில் மேட்ரிக்ஸ் வடிவம் பின்னிணைப்பில் ஒதுங்கிக் கிடக்கும். முதுகலையில் அந்தப் பின்னிணைப்பே பாடம். ஒரு மேட்ரிக்ஸை ஏன் சில நேரம் இன்வெர்ஸ் எடுக்க முடிவதில்லை என்பதை நம் நாட்டு உதாரணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நாலு டம்மி (ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0) போட்டு, கான்ஸ்டண்டையும் விட்டுவைத்தால், நாலின் கூட்டல் எப்போதும் ஒன்று, கான்ஸ்டண்டும் ஒன்று. ஒரே தகவல் இரண்டு முறை உள்ளே போகிறது, இன்வெர்ஸ் இல்லை. மென்பொருள் உங்களைக் கேட்காமலே ஒன்றைத் தூக்கிவிட்டு விடை காட்டும். எதைத் தூக்கியது என்று பார்க்காமல் விளக்கம் எழுதினால் முழு அட்டவணையும் தலைகீழ்.

மும்மொழி:

கித்தாமரம் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆங்கிலத்தைக் கடைசி நாலு வாரத்துக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. மொழி என்பது தினம் இருபது நிமிஷம் செய்ய வேண்டிய வேலை, கடைசியில் மூட்டையாகத் தூக்க முடியாது.

அதோடு, தம்பிக்குத் தேவைப்படுவது பொது ஆங்கிலம் இல்லை. இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம். மலாயில் கற்ற சொல்லை நேராக ஆங்கிலத்துக்கு மாற்றும்போது கருத்தே மாறிவிடும் இடங்கள் சில உண்டு. அங்கேதான் மார்க் போகும்.

'டாசார் கெவாங்ஙான்' என்று படித்திருப்பீர்கள். அதை ஃபைனான்ஷியல் பாலிசி என்று எழுதாதீர்கள், மானிட்டரி பாலிசி. ஆனால் 'பாசாரான் கெவாங்ஙான்' என்றால் ஃபைனான்ஷியல் மார்க்கெட்தான். ஒரே மலாய்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல். 'ஃபாஏடா' இன்னும் மோசம்: 'காடார் ஃபாஏடா'வில் வட்டி, 'கோஸ் ஃபாஏடா' ஆய்வில் நன்மை. 'கோஸ் லெப்பாஸ்' என்பது ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட், போன காலத்துச் செலவு இல்லை. போய்ச்சேர்ந்த செலவுக்கு சங்க் காஸ்ட் என்று தனிப் பெயர், இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர். பழைய பாடநூலில் 'கோஸ் சூட்' என்று வந்தது மார்ஜினல் காஸ்ட். 'கெலோக் புவாஸ் சாமா' இன்டிஃபரன்ஸ் கர்வ். 'சிசிஹான் பியாவாய்' ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 'ரலாட் பியாவாய்' ஸ்டாண்டர்ட் எரர். முதலாவது தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது. இரண்டாவது உங்கள் மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பது. ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்ற மதிப்பீடு) அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. சில கட்டுரைகளில் டீ மதிப்பைப் போட்டிருப்பார்கள், அட்டவணைக்குக் கீழேயுள்ள குறிப்பை வாசிக்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடுங்கள்: மலாய், ஆங்கிலம், தமிழில் உங்களுக்கே விளங்குகிற ஒரு வரி. தமிழ் வரிதான் முக்கியம். இந்த மூன்றாவது பத்தியை நிரப்ப முடியவில்லை என்றால் மலாயிலும் அது புரிந்திருக்கவில்லை என்று அர்த்தம். தினம் ஐந்து சொல் போட்டால் 12 வாரத்தில் நானூறைத் தாண்டும். மைக்ரோ, மேக்ரோ, எக்கனாமெட்ரிக்ஸ் மூன்றுக்கும் அது தாராளம்.

அடுத்தது பரீட்சைக் கேள்வியின் வினைச்சொல். டிரைவ் என்றால் சமன்பாட்டிலிருந்து சமன்பாடாக இறங்கி வரவேண்டும், உரைநடை எழுதினால் மார்க் இல்லை. ஷோ தட் என்றால் விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டார்கள், வழிக்கு மட்டும்தான் மார்க். இன்ட்யூஷன் கேட்டால் ஒரு குறியீடும் இல்லாமல், பாசாரில் காய்கறி விற்பவருக்குச் சொல்வதுபோல் காரணத்தைச் சொல்ல வேண்டும். ட்ரூ, ஃபால்ஸ், அன்செர்டன் என்று வரும் கேள்விக்கு வெறுமனே ட்ரூ என்று எழுதினால் கிட்டத்தட்ட பூஜ்யம். எந்த நிபந்தனையில் சரி, எதில் தவறு என்று எழுதுவதற்குத்தான் மார்க்.

வாக்கியத்தில் அடிக்கடி வரும் பிழைகள் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, விலை ஏறியதால் 'டிமாண்ட் குறைந்தது' என்று எழுதுவது. குறைந்தது குவான்டிட்டி டிமாண்டட். டிமாண்ட் குறைந்தது என்றால் கோடே நகர்ந்துவிட்டது என்று பொருள். மலாயிலும் 'பெர்மிந்தாஆன்', 'குவாந்தித்தி டிமிந்தா' என்ற அதே வேறுபாடு இருக்கிறது, அவசரத்தில் விட்டுவிடுகிறோம். இரண்டு, சோதனையில் முடிவு சிக்னிஃபிகண்டாக வராதபோது 'நல் ஹைப்பாதெசிஸை ஏற்றுக்கொள்கிறோம்' என்பது (தாக்கமே இல்லை என்ற அனுமானம்தான் நல் ஹைப்பாதெசிஸ்). நிராகரிக்க முடியவில்லை என்றுதான் எழுத வேண்டும். ஆதாரம் போதவில்லை என்பதும், இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல. மூன்று, விழுக்காடும் விழுக்காட்டுப் புள்ளியும். பேங்க் நெகாரா (மத்திய வங்கி) 2020-இல் ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை 3.00-இலிருந்து நாலு தடவையாக 1.75-க்கு இறக்கியது. அது 1.25 விழுக்காட்டுப் புள்ளி. விழுக்காட்டில் சொன்னால் ஏறக்குறைய 42. இரண்டையும் குழப்பி எழுதியவரின் மிச்சப் பக்கத்தை எந்தப் பேராசிரியரும் நம்பி வாசிக்க மாட்டார்.

எழுத்துக்குக் குட்டை வாக்கியம் போதும். தமிழில் நாம் எச்சத்தை எச்சத்தோடு கோத்து நீட்டிக்கொண்டே போகலாம், ஆங்கிலத்தில் அப்படிப் போனால் எழுவாய் தொலைந்துவிடும். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை எடுத்து, சுருக்கம், முன்னுரை, முதன்மை அட்டவணை இந்த மூன்றை மட்டும் நாற்பது நிமிஷத்தில் வாசித்து, ஐந்து வரி எழுதுங்கள்: என்ன கேள்வி, என்ன தரவு, எதை எதோடு ஒப்பிட்டார்கள், என்ன எண் வந்தது, எங்கே நம்பத் தயங்குகிறேன். அந்தக் கடைசி வரியை விடாதீர்கள்.

இரவுரயில்:

பகுதி நேரம் பற்றி யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மலேசியத் தகுதிக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து 40 மணி நேரம். 3 கிரெடிட் பாடம் ஒன்று 120 மணி. 14 வார செமஸ்டரில் வாரம் எட்டரை மணி. இரண்டு பாடம் எடுத்தால் 17. மூன்று எடுத்தால் 26-ஐ நெருங்கும், முழு நேர வேலையோடு அது ஓடாது. தினம் இரண்டு மணி என்றால் வாரத்துக்கு 14, ஞாயிற்றுக்கிழமையை முழுசாகப் போட்டால்தான் இரண்டு பாடம். கோர்ஸ்வர்க் முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும், செமஸ்டருக்கு 6 என்று போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மைக்ரோவையும் எக்கனாமெட்ரிக்ஸையும் ஒரே செமஸ்டரில் போடாதீர்கள், இரண்டும் வாரா வாரம் கணக்குத்தாள் கேட்கும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். வார நாள் இரவு வகுப்பு என்றால் அன்று வீடு திரும்புவது சந்தேகம். பாடம் பதிவதற்கு முன்பே வகுப்பு முடியும் நேரத்தையும் கடைசி ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார இறுதி வகுப்பு உண்டா என்று ஃபேகல்டி ஆபீசில் கேளுங்கள். ரயிலில் மூன்று மணி நேரம் படிக்கலாம் என்று திட்டம் போட வேண்டாம். வாசிக்கலாம், கணக்குப் போட முடியாது.

பணம்: இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) செஜாதெரா கணக்கிலிருந்து கல்விக்கு எடுக்கலாம், இடம் கிடைத்த கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள். முதுகலைக்கு எந்தத் துறையானாலும் சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு வருஷம் 7,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

லயத்துவீடு:

மூவருக்கும் நன்றி. முதல் கணக்கு 20, 12 வந்தது, ஆனால் 25 நிமிஷம் ஆயிற்று. எக்ஸ் கூட்டல் வை போட்டால் லாம்ப்டாவுக்கு ஒரு பக்கம் 0.5, மறு பக்கம் 0.2 என்று வருகிறது. இரண்டில் எது சரி? குறைந்தபட்சச் சம்பளத் தலைப்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கித்தாமரம்:

இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க முடியாது, அதுதான் விஷயம். தொடுபுள்ளியே இல்லாத இடத்தில் தொடுபுள்ளியைத் தேடியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முழு ஈடு என்றால் மலிவானதை மட்டும் வாங்குவார்: எக்ஸ் 50, வை பூஜ்யம். லாம்ப்டா 0.5. வையின் நிபந்தனை சமன்பாடாக இல்லாமல் ஏற்றத்தாழ்வாக மாறும். ஒரு வையின் கூடுதல் யூட்டிலிட்டி 1, அதன் செலவு 5 பெருக்கல் 0.5, அதாவது 2.5. கிடைப்பதைவிடக் கொடுப்பது அதிகம், ஆகவே வாங்கவில்லை. இதைத்தான் குன்-டக்கர் நிபந்தனை என்பார்கள். பூஜ்யம் வர வாய்ப்பிருக்கிறதா என்று கேட்ட பிறகே டெரிவேட்டிவ் எடுக்கும் பழக்கம் வேண்டும்.

25 நிமிஷம் என்றால் லக்ராஞ்சுக்கு மூன்று வாரம். நிகழ்தகவைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காடு:

குறைந்தபட்சச் சம்பளம் நல்ல தலைப்பு, ஆனால் 'மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளத்தின் தாக்கம்' என்று எழுதிக்கொண்டு போனால் மேற்பார்வையாளர் முதல் சந்திப்பிலேயே திருப்பி அனுப்புவார். யாரை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. 2013-இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி, சபா சரவாக்குக்கு 800. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700, சிறு முதலாளிகளுக்கு ஆகஸ்டிலிருந்து. நாடு முழுக்க ஒரே நாளில் ஏறினால் ஏறாத ஊர் என்று ஒப்பிட ஒன்று கிடைப்பதில்லை.

2020 பிப்ரவரி 1 அப்படியில்லை. மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மட்டும் 1,200, மாவட்ட மன்றப் பகுதிகளில் 1,100-லேயே நின்றது. உங்கள் சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ். தாப்பா மாவட்ட மன்றம். ஒரே மாநிலம், இரண்டும் தோட்டமும் கடைத்தெருவுமான ஊர்கள், சட்டம் மட்டும் வேறு. டிஃபரன்ஸ்-இன்-டிஃபரன்ஸ் முறைக்கு (இரண்டு பகுதிகளின் முன்-பின் மாற்றத்தை ஒப்பிடுவது) இதைவிடக் கச்சிதமாக அமையாது என்று தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். 46 நாள் கழித்து மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. நகரத்துக் கடைகளை அடைத்ததும் மாவட்டங்களில் நடந்ததும் ஒரே அளவு இல்லை. பிறகு எந்த வேறுபாட்டைப் பார்த்தாலும் அது 100 வெள்ளியால் வந்ததா, கோவிட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாது. இதை மறைத்துவிட்டு எழுதுவதைவிட, செம்பனைத் தோட்டம்போல் ஆணையின்போதும் பெரும்பாலும் இயங்கிய துறையோடு மட்டும் ஆய்வைச் சுருக்கிக்கொள்வது ஒரு வழி. அங்கேயும் ஒரு சிக்கல். தோட்டத்தின் தபால் முகவரி நகராண்மைக் கழக ஊரின் பெயரில் இருக்கும், நிலம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்பது வேறு கேள்வி. முகவரியை நம்பி வகைப்படுத்தினால் ஒப்பீடே கலங்கிவிடும்.

தரவு: புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளத்தில் அட்டவணைகள் இலவசம், சிஎஸ்வி கோப்பாக இறங்கும். மாவட்ட அளவுக் குடும்ப வருமானம் 2019, 2022 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். ஆனால் சட்டத்துக்கு முன் ஒரு புள்ளி, பின் ஒரு புள்ளி என்றால் இரண்டு பகுதிகளும் முன்பு ஒரே போக்கில்தான் போய்க்கொண்டிருந்தனவா என்று காட்ட வழியில்லை. அதோடு குடும்ப வருமானம் வேறு, ஆளின் சம்பளம் வேறு. தனி ஆள் வாரியான மைக்ரோ தரவுக்குத் துறையிடம் விண்ணப்பம் போட வேண்டும், மேற்பார்வையாளர் கடிதத்தோடு. இதை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். கடைசி செமஸ்டரில் தரவுக்குக் காத்திருப்பவர்கள் முடிவில் வேறு தலைப்புக்குத் தாவுகிறார்கள்.

இறக்கிய கோப்பை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமிக்காதீர்கள். பூஜ்யத்தில் தொடங்கும் மாநிலக் குறியீட்டின் பூஜ்யத்தைத் தின்றுவிடும், பிறகு இரண்டு கோப்பை இணைக்கும்போது பாதி வரிசை காணாமல் போகும். ஆர் மென்பொருள் இலவசம், வீட்டிலேயே பழகலாம். ஸ்டேட்டா மென்பொருளுக்குப் பல்கலைக்கழக லேப்.

தரவு கிடைக்காமல் போனால் மாற்றாக ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள்: கச்சாச் செம்பனை எண்ணெய் விலை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மாதாந்திர விலை பொதுவில் இருக்கிறது. இதில் பலர் விழும் குழி, ஏறிக்கொண்டே போகும் இரண்டு தொடரை ஒன்றின்மேல் ஒன்று ரிக்ரெஸ் செய்து, ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு) 0.9 என்று மகிழ்ந்துபோவது. ஆர்-ஸ்கொயர், பிழைகள் ஒன்றையொன்று தொடர்கின்றனவா என்று காட்டும் டர்பின்-வாட்சன் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த உறவைச் சந்தேகியுங்கள். முதலில் யூனிட் ரூட் சோதனை (தொடர் ஒரு நிலையைச் சுற்றி நிற்கிறதா, அலைந்துகொண்டே போகிறதா என்று பார்ப்பது), தேவைப்பட்டால் லாக் எடுத்து வித்தியாசம். 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டிருந்தது. மாற்று விகிதத்தை மாடலில் சேர்த்தால் அந்த ஏழு வருஷம் அசையாத கோடாக நிற்கும். தொடரை 2005-க்குப் பிறகு தொடங்குங்கள், அல்லது முறிவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன 1,100-க்கும் 1,200-க்கும் உள்ள 10 விழுக்காடு வித்தியாசம் சின்னது என்பதையும் மறக்காதீர்கள். சின்ன மாதிரியில் அது ஸ்டாண்டர்ட் எரருக்குள் மூழ்கிவிடும்.

மும்மொழி:

ஒரு திருத்தம். 1,100-இலிருந்து 1,200 என்பது 9.1 விழுக்காடு, லாக் வித்தியாசம் 0.087. மாடலில் லாக் சம்பளம் போடப்போகிறார் என்பதால் சொல்கிறேன். இந்த அளவில் லாக் எண்ணை நூறால் பெருக்கி விழுக்காடு என்றால் பெரிய தவறில்லை. டம்மியின் கோஎஃபிஷியன்ட் 0.4 என்று வந்தால் அது 40 அல்ல, ஏறக்குறைய 49 விழுக்காடு. எக்ஸ்பொனென்ஷியல் எடுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

செம்பனைக்காடு:

சரிதான், 9.1. மூழ்குவது மட்டும் மாறவில்லை.